12 வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள்: கேம்பர் ட்ரெய்லருக்கு சொக்கெட்டும் இன்வர்ட்டரும்

மவுசாக்கலை நீர்த்தேக்கத்து ஓரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெரிந்த அண்ணன் ஒருவர் தான் கட்டிய கேம்பர் ட்ரெய்லரைக் காட்டுவதற்காகக் கூப்பிட்டிருந்தார். பழைய பெட்டி ட்ரெய்லரை வாங்கி, உள்ளே கட்டில் அடித்து, தகரக் கூரைக்கு அடியில் ரெஜிபோம் ஒட்டி, ஜீப்புக்குப் பின்னால் கொளுவி இழுத்து வந்திருந்தார். மூலையில் ஒரு பேட்டரி. எதிர் மூலையில் ‘2000 வாட்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய இன்வர்ட்டர். பிளேன்டி போட்டுத் தருகிறேன் என்று மின்கேத்தலைச் செருகினார். இன்வர்ட்டர் மூன்று செக்கன் கீச்சென்று கத்தியது. அப்புறம் அணைந்துவிட்டது.

“பெட்டியில 2000 வாட்னு போட்டுருக்கு தம்பி. கேத்தல் 1500 தான். ஏமாத்திட்டானுங்க” என்றார்.

யாரும் ஏமாற்றவில்லை. பேட்டரியிலிருந்து இன்வர்ட்டருக்குப் போன வயரைத் தொட்டுப் பார்த்தேன். அந்த மூன்று செக்கனிலேயே வெதுவெதுப்பாகியிருந்தது. வீட்டுக்கு வயரிங் செய்யும் வயரைத்தான் போட்டிருந்தார். “12 வோல்ட்தானே, ஷாக்கே அடிக்காதே, இது போதும்னு நெனச்சேன்” என்றார். வண்டியில் கரண்ட் வேலை செய்கிற முக்கால்வாசிப் பேர் விழுகிற குழி இதுதான். 12 சின்ன எண் என்பதால் வேலையும் சின்னது என்று நினைக்கிறோம். கணக்கு போட்டுப் பார்த்தால் நேர் எதிர்.

முதலில் ‘இன்வர்ட்டர்’ என்ற சொல்

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இந்தச் சொல் எல்லோர் வாயிலும் புகுந்தது. ஆனால் மக்கள் ‘இன்வர்ட்டர் வாங்கினேன்’ என்றால், பேட்டரி, சார்ஜர், இன்வர்ட்டர் மூன்றும் சேர்ந்த தொகுப்பை வாங்கினேன் என்று பொருள். அதனால் இன்வர்ட்டர் கரண்டைச் சேர்த்து வைக்கிற பெட்டி என்ற எண்ணம் படிந்துவிட்டது. போதாததற்கு ‘இன்வர்ட்டர் பிரிட்ஜ்’, ‘இன்வர்ட்டர் ஏசி’ என்று வேறு கடையில் விற்கிறார்கள். அவற்றில் அந்தச் சொல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு உள் உறுப்பைக் குறிக்கிறது. நம் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நமக்கு வேண்டிய அர்த்தம் ஒன்றுதான். பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை வீட்டுச் சுவரில் வருகிற 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி இன்வர்ட்டர். அது எதையும் சேர்த்து வைக்காது, எதையும் உற்பத்தி செய்யாது. மாற்றும்போது கொஞ்சத்தைச் சூடாக விரயம் செய்யும், அவ்வளவுதான்.

நீர்த்தேக்கமும் குழாயும்

மலையகத்தில் இருப்பவருக்கு மின்சாரத்தை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. மவுசாக்கலைத் தண்ணீர் கெனியன், லக்ஷபான, பொல்பிட்டிய என்று படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு நிலையத்திலும் டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகிறது. தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதை வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் செக்கனுக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். இரண்டும் சேர்ந்து டர்பைனைச் சுற்றும் பலம்தான் வாட். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்.

உயரம் அதிகமென்றால் ஒல்லியான குழாயில் கொஞ்சம் தண்ணீர் வந்தாலே டர்பைன் சுற்றும். உயரம் குறைவென்றால் அதே பலத்துக்கு ஆறு மாதிரி தண்ணீர் வேண்டும், குழாயும் ஆள் புகுந்து போகிற அளவுக்கு இருக்க வேண்டும். 230 வோல்ட் என்பது மலை உச்சி. 12 வோல்ட் என்பது வாசல்படி உயரம்.

இப்போது கேத்தல் கணக்கு. வீட்டில் 1500 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் ஓடும்போது இழுப்பது ஆறரை ஆம்பியர். பேட்டரியில் இன்வர்ட்டர் வழியாக ஓட்டினால், மாற்றும் இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து சுமார் 1700 வாட் எடுக்க வேண்டும். 1700ஐ 12ஆல் வகுத்தால் 140 ஆம்பியருக்கு மேல். கேத்தல் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. வயரில் ஓடுவது மட்டும் இருபது மடங்குக்கும் மேலாகிவிட்டது.

இதுவரை: வோல்ட் உயரம், ஆம்பியர் ஓட்டம், வாட் பலம். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் ஏறும். வயரைச் சுட வைப்பது ஆம்பியர்தான், வோல்ட் அல்ல.

அந்த மூன்று செக்கனில் நடந்தது

எந்த வயரும் கரண்ட் ஓடுவதைக் கொஞ்சம் தடுக்கும். அதற்குத் தடை என்று பெயர். வயர் ஒல்லியாக ஒல்லியாகத் தடை கூடும், நீளம் கூடினாலும் கூடும். தடையைத் தாண்டிப் போவதற்கு வோல்ட்டில் ஒரு பங்கு வழியிலேயே செலவாகிவிடும். இதை வோல்ட் இறக்கம் என்கிறோம். தோட்டத்தில் பீலித் தண்ணீரைப் பழைய ஹோஸ் பைப்பில் லயத்துக்கு இழுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே சோவென்று கொட்டும், கீழே சொட்டும்.

அண்ணன் போட்டிருந்தது 4 சதுர மில்லிமீட்டர் வயர். கடையில் 7/0.85 என்று கேட்டால் கொடுப்பார்கள். பேட்டரியிலிருந்து இன்வர்ட்டருக்கு மூன்று மீட்டர், திரும்பி வர மூன்று மீட்டர். ஆக ஆறு மீட்டர். அதில் 140 ஆம்பியரை ஓட்டப் பார்த்தால் வயரிலேயே கிட்டத்தட்ட 4 வோல்ட் போய்விடும். 12இல் 4 போனால் இன்வர்ட்டருக்குக் கிடைப்பது 8. பல இன்வர்ட்டர்கள் 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ‘பேட்டரி செத்துவிட்டது’ என்று முடிவு செய்து கத்தி அணைந்துவிடும். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. செய்தி வருகிற வழிதான் கெட்டுக் கிடந்தது.

வீட்டில் இதே வயரில் இதே கேத்தலை ஓட்டினால் இறக்கம் 0.2 வோல்ட்கூட வராது. 230இல் அது ஒன்றுமேயில்லை. அதனால்தான் வீட்டு வயரிங் நன்றாகத் தெரிந்த பாஸ்மார்கூட வண்டி வேலையில் சறுக்குகிறார்கள். அவர்கள் கை பழகிய கணக்கு வேறு.

இன்வர்ட்டர் அணைந்தது ஒரு வகையில் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். அணையாமல் ஓடியிருந்தால் அந்த ஆறு மீட்டர் வயரில் 500 வாட்டுக்கு மேல் சூடாகக் கொட்டியிருக்கும். கேத்தலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டில் பலகைக்கு அடியில், ரெஜிபோமுக்குப் பக்கத்தில் பற்ற வைத்த மாதிரி. 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. தீப்பிடிக்காது என்று யாரும் சொல்லவில்லை.

பலம் வேறு, இருப்பு வேறு

இங்கே இன்னொரு குழப்பத்தையும் பிரிக்க வேண்டும். வாட் என்பது இந்த நிமிடம் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது. நீர்த்தேக்கத்தில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதை வாட் மணித்தியாலத்தில் அளக்கிறோம். 10 வாட் விளக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் 50 வாட் மணித்தியாலம். அண்ணனின் பேட்டரியின் மேல் ‘100 ஏ.எச்.’ என்று போட்டிருப்பது ஆம்பியர் மணித்தியாலம். அதை 12ஆல் பெருக்கினால் 1200 வாட் மணித்தியாலம்.

ஆனால் சாதாரண ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் வேகமாகக் கரையும். ஆகவே கையில் இருப்பது 600 என்று வையுங்கள். லித்தியம் இரும்பு பொஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், விலைதான் கையைக் கடிக்கும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிகிற காலையில் வெளியே நிறுத்தியிருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

கேத்தலுக்கே திரும்புவோம். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். 15 பாகைக் குளிர்ந்த தண்ணீர் ஒரு லீட்டரைக் கொதிக்க வைக்க 90 வாட் மணித்தியாலம் சொச்சம் போதும், இழப்பெல்லாம் சேர்த்தால் 115 போல வரும். அதாவது அண்ணனின் பேட்டரியில் ஐந்து லீட்டர் தண்ணீர் கொதிக்க வைக்கிற அளவு இருப்பு இருந்தது! இருப்பு போதாமல் நிற்கவில்லை. ஒரு லீட்டருக்கு வேண்டியதை ஐந்தே நிமிடத்தில் உறிஞ்சப் பார்த்ததுதான் தப்பு. 12 வோல்ட்டிலேயே ஓடும் 150 வாட் கேத்தல்கள் உண்டு. அதே லீட்டருக்கு அவை எடுப்பது முக்கால் மணித்தியாலம். பிளேன்டிக்காக யார் அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? காஸ் அடுப்புதான் சரி. சூடாக்கும் சாமான் எதுவானாலும், ரைஸ் குக்கர், அயன் பொக்ஸ், ஹேர் டிரையர், இதே கதைதான்.

மற்ற சாமான்களைப் பாருங்கள். எல்இடி விளக்கு ஓர் இரவுக்கு 50 வாட் மணித்தியாலம். இரண்டு போன் சார்ஜ் 30. லப்டொப் மூன்று மணித்தியாலம் 150. சின்ன 12 வோல்ட் பிரிட்ஜ், 45 வாட், நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் 360. கூட்டினால் 590. நம்மிடம் இருப்பது 600, பிரிட்ஜ் வைத்தால் ஒரு நாள் பிழைப்பு. நம் குளிருக்குப் பிரிட்ஜே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு அதே பேட்டரி இரண்டரை நாள் ஓடும். மீனை இரவில் வெளியே தொங்கவிட்டால் போதாதா என்று கேட்டவரையும் எனக்குத் தெரியும். பூனை வந்த கதையை அவரே சொல்வார்.

இதுவரை: வாட் என்பது இழுக்கும் பலம், வாட் மணித்தியாலம் என்பது கையிருப்பு. சூடாக்கும் சாமான்கள் பலத்தில் உதைக்கும். விளக்கும் போனும் எதிலும் உதைக்காது.

நேராக 12 வோல்ட்டா, இன்வர்ட்டரா

போனுக்கு வேண்டியது 5 வோல்ட். பேட்டரியில் இருப்பது 12. யூஎஸ்பி சொக்கெட் ஒன்றைப் பதித்தால் அதற்குள் இருக்கும் சின்னச் சுற்று 12ஐ 5 ஆக்கிவிடும். இன்வர்ட்டரில் வீட்டுச் சார்ஜரைச் செருகினால் 12ஐ 230 ஆக ஏற்றி, அங்கிருந்து மறுபடி 5க்கு இறக்குகிறோம். நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு நுவரெலியா சுற்றிப் போவது போல. போய்ச் சேரலாம், டீசல் யார் கொடுப்பது?

அதோடு, ஒன்றுமே செருகாமல் சும்மா போட்டு வைத்தாலும் இன்வர்ட்டர் தன் பங்குக்கு இழுக்கும். 10 வாட் என்று வைத்தால்கூட ஒரு நாளைக்கு 240 வாட் மணித்தியாலம். கையிருப்பில் ஐந்தில் இரண்டு பங்கு, எந்தப் பிரயோசனமும் இல்லாமல். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே என் கருத்து இது: விளக்கு, போன், தண்ணீர்ப் பம்ப், பிரிட்ஜ் எல்லாவற்றையும் நேராக 12 வோல்ட்டில் ஓட்டுங்கள். லப்டொப்புக்கும் 12 வோல்ட் சார்ஜர்கள் கிடைக்கின்றன. கேமரா சார்ஜர், பிளெண்டர் மாதிரி வேறு வழியில்லாத ஒன்றிரண்டுக்கு மட்டும் இன்வர்ட்டர். அதற்கு 600 வாட் தாராளம். 2000 வாட் பெட்டி வாங்கினால் அதற்கேற்ற கேபிளும் பேட்டரியும் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

வாங்கும்போது இரண்டு விஷயம். பெட்டியில் பெரிதாக எழுதுவது பல சமயம் உச்ச வாட், ஓரிரு செக்கன் மட்டும் தாங்குவது. தொடர்ந்து தாங்கும் வாட் எவ்வளவு என்று சின்ன எழுத்தில் தேடுங்கள். இரண்டாவது, ‘பியூர் சைன்’ என்றால் வீட்டுக் கரண்ட் போலவே வழுவழுப்பாக ஏறி இறங்கும் அலை. ‘மொடிபைட் சைன்’ என்றால் படிக்கட்டு போல வெட்டி வெட்டி வரும் அலை, மலிவு. மோட்டார் உள்ள சாமான் அதில் சூடாகும், உறுமும். சில சார்ஜர்கள் அடம்பிடிக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்து முதலாவதை வாங்குவதே நல்லது.

பியூஸ் காப்பாற்றுவது வயரை

பியூஸ் என்பது அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே உருகி வழியை அறுக்கும் கம்பி. அது போனையோ பிரிட்ஜையோ காப்பாற்றவென்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது வயருக்குக் காவல். பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், ஒல்லி வயர் அடுப்புக் கம்பி போலச் சிவந்துவிடும். ஆகவே பியூஸின் அளவைச் சாமானைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது, வயர் தாங்குவதற்கு மேல் போகவே கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் சொக்கெட் இழுத்தால் 15 ஆம்பியர் பியூஸ். அதை வைக்கும் இடம் பேட்டரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். சொக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், இடையில் இருக்கும் வயர் தகரத்தில் உரசி ஷார்ட் ஆகும்போது பியூஸுக்குச் செய்தியே போகாது.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரியதைப் போடுவதும், சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றுவதும் நம் ஊரில் நடப்பதுதான். காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுக்கிற வேலை அது.

600 வாட் இன்வர்ட்டர் முழுப் பலத்தில் ஓடினால் சுமார் 57 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்து, 25 சதுர மில்லிமீட்டர் கேபிளும் 80 ஆம்பியர் பியூஸும் போட்டால் நிம்மதி. வெல்டிங் கேபிள் இதற்கு நல்லது, மெல்லிய இழைகள் நிறைய இருப்பதால் குலுக்கலில் முறியாது. இன்வர்ட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும் நீர்த்தேக்கக் கணக்கே பதில் சொல்லும். 12 வோல்ட் பக்கம் குட்டையாகவும் தடிப்பாகவும், 230 வோல்ட் பக்கம் தேவைப்பட்டால் நீளமாக. நம் அண்ணன் செய்தது இதற்குத் தலைகீழ். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயு வரும். அதனால் அதைக் காற்றோட்டமுள்ள தனிப் பெட்டியில் வைத்து, இன்வர்ட்டரை அந்தப் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.

230 வோல்ட் பக்கம் உயிரை எடுக்கும். பேட்டரியிலிருந்து வருகிறது என்பதால் அது சாதுவாகிவிடாது. இன்வர்ட்டரிலேயே உள்ள சொக்கெட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் ட்ரெய்லருக்குள் சுவர் சொக்கெட் இழுப்பதாக இருந்தால், ட்ரிப் சுவிட்சும் எர்த்தும் சேர்த்துச் செய்யத் தெரிந்த மின்னியலாளரிடம் விட்டுவிடுங்கள்.

ஓடும்போது சார்ஜ்

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது ஜீப்பின் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கும் உறுப்பு, 14 வோல்ட் சொச்சம் தருகிறது. அதை ட்ரெய்லர் பிளக்கின் ஒல்லி வயரில் பின்னால் கொண்டுபோனால் மீண்டும் வோல்ட் இறக்கம். முன்னால் 14.2, பின்னால் 13. பேட்டரி ஒருநாளும் நிறையாது. இதற்கென்றே டிசி-டிசி சார்ஜர் என்றொரு பெட்டி உண்டு. வருகிற வோல்ட் எவ்வளவு சோர்ந்திருந்தாலும் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும். நிறுத்தியிருக்கும்போது ட்ரெய்லர் பேட்டரி ஜீப்பின் பேட்டரியை உறிஞ்சாமலும் தடுக்கும்.

சூரியத் தகடும் வைக்கலாம். 100 வாட் தகடு நல்ல வெயில் நாளில் 300 முதல் 400 வாட் மணித்தியாலம் தரும். மூடுபனி இறங்கினால் அதில் ஒரு சிறு பங்குதான். பிற்பகலானால் அப்புத்தளைச் சரிவில் எதிரே நிற்கிற ஆளே தெரியாத நாட்கள் உண்டு, சூரியன் எங்கே தெரியும்? தகட்டை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒரு மூட்டு, ஒரு ஈயம் பற்றவைக்கும் கோல்

கடைசியாக, எனக்கே நடந்தது. என் முதல் ட்ரெய்லரில் வயர்களை முறுக்கி டேப் சுற்றித்தான் மூட்டுப் போட்டேன். தோட்டத்து ரோட்டில் இரண்டு மாதம் குலுங்கியதில் முறுக்கு தளர்ந்தது, பனி ஈரத்தில் செம்பு பச்சை பிடித்தது. ஒரு நாள் இரவு பிளாஸ்டிக் கருகும் மணம். தடையை ஓம் என்ற அலகில் அளக்கிறோம். தளர்ந்த மூட்டில் தடை ஓமில் நூறில் ஒரு பங்குதான் என்று வையுங்கள். 50 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 25 வாட் சூடு. சின்ன ஈயம் பற்றவைக்கும் கோலின் பலம் அதே 25 வாட். பலகைக்குப் பின்னால் அப்படி ஒன்றைப் பற்ற வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

இப்போது எல்லா மூட்டிலும் லக் போட்டு அழுத்திதான் இறுக்குகிறேன். லக் என்றால் வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் செம்பு வளையம். பேட்டரி முனைகளில் வாஸ்லின் பூசுகிறேன். நெகட்டிவுக்கு ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தை நம்பாமல் தனி வயர் இழுத்திருக்கிறேன், துரு பிடித்த போல்ட்டும் ஒரு மோசமான மூட்டுதான்.

அண்ணனின் ட்ரெய்லரில் இதையெல்லாம் மாற்ற ஒரு நாள் முழுக்கப் போனது. முடித்த பிறகு சோதிக்கும் வழி சுலபம். இன்வர்ட்டரில் லப்டொப்பும் பிளெண்டரும், சொக்கெட்டில் பிரிட்ஜும் ஓடவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், இன்வர்ட்டர் முனையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். வித்தியாசம் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. கால் மணித்தியாலம் கழித்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எது மற்றதைவிடச் சூடாக இருக்கிறதோ அதைத் திரும்பச் செய்யுங்கள். எங்களுக்கு ஒன்று அகப்பட்டது, பியூஸ் பிடியின் அடி நட். அதை இறுக்கிய பிறகு அண்ணன் காஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.